ஸ்டீராய்டு போடுமுன் ஒரு டியூப் ரத்தம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரத்தப் புற்றுநோய், நோய் எதிர்ப்பு அணுக்கள் பற்றிய மரபணு ஆராய்ச்சியில் வெளிநாட்டு நிறுவனங்களோடு கைகோக்க வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் ஒப்பந்தம், கருவி, நிதி என்றே பேச்சு போகிறது. மதுரை வட்டாரத்தில் ரத்த மாதிரிகளைக் கையாளும் நாங்கள் சொல்ல வருவது அதற்கும் முந்தைய கட்டத்தைப் பற்றி. உசிலம்பட்டியிலோ பரமக்குடியிலோ ஒரு குழந்தையிடம் எடுக்கும் முதல் டியூப் ரத்தம் கெட்டுப்போனால், அந்தக் குழந்தை எந்த உலக ஆய்விலும் கணக்கில் வராது.

கணக்கில் வராவிட்டால் என்ன நஷ்டம் என்பதற்கு ஒரு மாத்திரையே சாட்சி. குழந்தைகளுக்கு வரும் லிம்போபிளாஸ்டிக் லுக்கேமியா என்ற ரத்தப் புற்றுநோயில், நோய் அடங்கிய பிறகும் நீண்ட காலம் தினமும் 6-மெர்காப்டோபியூரின் என்ற மாத்திரை கொடுக்கிறார்கள். சில குழந்தைகளுக்கு வழக்கமான அளவே வெள்ளணுக்களை அடியோடு சரித்துவிடும். ஐரோப்பியரிடம் இதற்கு டிபிஎம்டி என்ற மரபணுவில் உள்ள பழுது முக்கியக் காரணம் என்று தெரிந்தது. பரிசோதனையும் அதற்கே வந்தது. ஆசிய நோயாளிகள் பலருக்கோ டிபிஎம்டி சரியாக இருந்தும் அணுக்கள் சரிந்தன. 2014-இல் தென் கொரிய ஆய்வாளர்கள், இதே வகை மருந்து எடுத்த குடல் அழற்சி நோயாளிகளிடம் என்யூடிடி15 என்ற வேறொரு மரபணுவில் உள்ள மாற்றமே காரணம் என்று கண்டுபிடித்தார்கள். 2015-இல் அமெரிக்காவின் செயின்ட் ஜூட் மருத்துவமனைக் குழு ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளிடமும் அதையே கண்டது. மறு ஆண்டு குவாதமாலா, சிங்கப்பூர், ஜப்பான் குழந்தைகளின் மாதிரிகளும் சேர்ந்தபோது, அந்த மரபணுவின் வேறு சில மாற்றங்களும் தெரிந்தன.

ஐரோப்பியரிடம் அரிதான இந்த மாற்றம் நம் மக்களிடம் அரிதல்ல. இரண்டு பிரதியும் பழுதான குழந்தைக்கு, 2018-இல் வெளியான வழிகாட்டுதல் சொல்லும் தொடக்க அளவு ஒரு சதுர மீட்டர் உடற்பரப்புக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராம். வழக்கமான அளவு 50 முதல் 75 வரை. உடற்பரப்பு 0.8 சதுர மீட்டர் உள்ள ஒரு குழந்தைக்கு வழக்கப்படி தினமும் 60 மி.கி. வரை போகும், மாற்றம் உள்ள குழந்தைக்கு 8 மி.கி.தான். வாரம் முழுவதற்கும் 50 மி.கி. மாத்திரை ஒன்றும் சொச்சமும். ஆசியக் குழந்தைகளின் ரத்தம் ஆய்வுக்குள் வராமல் இருந்திருந்தால் இந்தக் கணக்கு யாருக்கும் தெரிந்திருக்காது.

மாதிரி கொடுப்பது மட்டும்தான் ஆசியரான நம் வேலை என்பதும் இல்லை. புரோமைலோசைட்டிக் லுக்கேமியா என்ற வேறொரு ரத்தப் புற்றுநோய்க்கு ஷாங்காய் மருத்துவர்கள் வைட்டமின் ஏ வழி மருந்தைத் தந்தார்கள், ஹார்பின் மருத்துவர்கள் ஆர்செனிக்கைத் தந்தார்கள். அந்த ஆர்செனிக்கை மட்டுமே முதல் மருந்தாகக் கொடுத்தாலும் நோய் நீண்ட நாள் அடங்கியிருக்கும் என்று 2006-இல் காட்டியது வேலூர் சிஎம்சி.

இனி டியூபுக்கு வருகிறோம். பெரிய தவறு நடப்பது ஆய்வகத்தில் அல்ல, அதற்கு முன்பே. காய்ச்சல், கால் வலி, முகம் வெளுப்பு, கழுத்தில் நெறிகட்டு என்று வரும் குழந்தைக்கு, மூட்டு வலி என்றோ இளைப்பு என்றோ நினைத்து டெக்சாமெதசோன் ஊசியோ பிரட்னிசோலோன் மாத்திரையோ கொடுத்துவிடுகிறார்கள். இரண்டும் ஸ்டீராய்டு. லிம்போபிளாஸ்டிக் லுக்கேமியாவின் புற்று அணுக்கள் ஸ்டீராய்டுக்குச் சில நாட்களிலேயே மடியத் தொடங்கும். காய்ச்சல் விடும், குழந்தை ஓடியாடும், பெற்றோருக்கு நிம்மதி. பிறகு நோய் திரும்பி எலும்பு மஜ்ஜை எடுக்கும்போது படம் கலங்கிப் போயிருக்கும். சில நேரம் நோயின் பெயரைச் சொல்வதே கடினம். சிகிச்சையில் ஸ்டீராய்டு தொடங்கி எட்டாம் நாள் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் புற்று அணுக்கள் 1000-க்குக் கீழே வந்தனவா என்று பார்த்து ஆபத்தின் அளவைக் கணிக்கும் முறையும் அந்தக் குழந்தைக்குப் பயன்படாமல் போகும். அணுக்கள் மொத்தமாக உடைந்து யூரிக் அமிலமும் பொட்டாசியமும் ஏறினால் உயிருக்கே ஆபத்து. ஆகவே சந்தேகம் வந்தால் முதலில் ரத்த எண்ணிக்கை; கூடவே கண்ணாடித் தட்டில் ரத்தம் தடவி ஒரு ஆள் மைக்ரோஸ்கோப்பில் பார்க்க வேண்டும். மிஷின் தரும் எண்ணை மட்டும் நம்பக் கூடாது.

மஜ்ஜை உறிஞ்சும்போது முதல் இழுப்பில் வரும் இரண்டு மூன்று மில்லிதான் தங்கம். அடுத்தடுத்த இழுப்பில் ரத்தம் கலந்து நீர்த்துவிடும். மரபணுப் பரிசோதனைக்கு ஊதா மூடி ஈடிடிஏ டியூப். எட்டுப் பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும், குலுக்கக் கூடாது. குரோமோசோம் பார்க்க அணு உயிரோடு இருந்து இரண்டாகப் பிரிந்து பெருக வேண்டும் என்பதால் பச்சை மூடி ஹெப்பாரின் டியூப். இரண்டையும் மாற்றிவிட்டால் வம்பு: மரபணுத் துண்டைப் பெருக்கிப் பார்க்கும் பிசிஆர் வினையையே ஹெப்பாரின் தடுத்துவிடும்.

மற்ற புற்றுநோய்களில் மரபணுவை ஒப்பிட்டுப் பார்க்க நோயாளியின் ரத்தத்தையே நல்ல மாதிரியாக எடுக்கலாம். இங்கே ரத்தமே நோய். எச்சிலிலும் வெள்ளணுக்கள் இருப்பதால் அதுவும் சுத்தமில்லை. நோய் அடங்கியபின் எடுக்கும் ரத்தமோ, தோலிலிருந்து எடுத்து வளர்த்த அணுக்களோ வேண்டும். இந்த இரண்டாவது மாதிரியை எடுக்க மறந்துவிட்டால், ஒரு மாற்றம் பிறவியில் வந்ததா, நோயில் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

பிறகு பயணம். தேனியிலிருந்து ஆரப்பாளையத்துக்கும் ராமநாதபுரத்திலிருந்து மாட்டுத்தாவணிக்கும் பஸ்ஸில் டியூப் அனுப்புவதைக் குறை சொல்லவில்லை. அதுதான் வேகமான வழி. ஆனால் டியூபை ஐஸ் மேல் நேராக வைத்தால் அணுக்கள் உடையும், சித்திரை வெயிலில் டிக்கியில் போட்டால் வெந்துபோகும். தெர்மாகோல் பெட்டி, துணி சுற்றிய கூல் பேக், உள்ளே 20 முதல் 25 டிகிரி. அணுக்களை வகை பிரித்துக் காட்டும் ஃப்ளோ சைட்டோமெட்ரிப் பரிசோதனைக்கு 24 மணி நேரத்துக்குள் வந்தால் நல்லது. லேபிளில் தேதி போதாது, எடுத்த நேரமும் வேண்டும். டியூபில் நேரம் ஆக ஆக அணுக்கள் நெருக்கடியில் இயக்கும் மரபணுக்கள் விழித்துக்கொள்ளும். ஒவ்வோர் அணுவாகப் படிக்கும் ஆய்வில், தமிழருக்கே உரிய எதிர்ப்புக் குணம் என்று தோன்றுவது உண்மையில் ஆறு மணி நேர பஸ் பயணமாக இருக்கலாம். இந்தியா உட்பட ஐந்து நாடுகளின் 619 பேரிடம் எடுத்த 12 லட்சத்துக்கும் மேற்பட்ட எதிர்ப்பு அணுக்களைக் கொண்டு 2025-இல் ஆசிய வரைபடம் வெளியானது. அத்தகைய வேலையில் எல்லா ஊரிலும் மாதிரியைக் கையாளும் முறை ஒன்றாக இல்லாவிட்டால் ஒப்பீடே செல்லாது.

தூரத்துக்கு இதைவிட நல்ல தீர்வு, மதுரையிலேயே அணுக்களைப் பிரித்து உறைய வைப்பது. உறையும்போது அணுக்களைக் காக்கும் டிஎம்எஸ்ஓ என்ற திரவத்தை 10 சதவீதம் சேர்த்து, நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் குளிர்வித்து, பிறகு திரவ நைட்ரஜனில் வைத்தால் பல ஆண்டுகள் உயிரோடு இருக்கும். டிஎம்எஸ்ஓ சேர்த்தபின் மேசையில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகக் கூடாது. அறை வெப்பத்தில் அது அணுக்களுக்கு விஷம். நைட்ரஜனை அளவு பார்த்துத் தவறாமல் நிரப்ப ஒருவருக்குப் பொறுப்பு வேண்டும், பண்டிகை நாளிலும்.

வெளிநாட்டுக் கூட்டு ஆய்வுக்கு நிறுவனத்தின் நெறிமுறைக் குழுவோடு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வழியே சுகாதார அமைச்சகப் பரிசீலனைக் குழுவின் அனுமதியும் தேவை. சம்மதப் படிவம் பெற்றோர் பேசும் தமிழில் இருக்கட்டும். ஏழு வயது நிறைந்த குழந்தையிடம் வாய்மொழியாகவும், பன்னிரண்டுக்கு மேல் எழுத்திலும் ஒப்புதல் பெற வேண்டும். மாதிரி எங்கே போகிறது, முடிவு திரும்பி வருமா என்பதை முதல் பக்கத்திலேயே சொல்லுங்கள். என்யூடிடி15 போன்ற முடிவு வேறு நாட்டுக் கணினியில் தூங்க, இங்கே குழந்தை முழு அளவு மாத்திரை சாப்பிடும் நிலை வரக் கூடாது. எத்தனை நாளில் முடிவு மருத்துவர் கைக்கு வரும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும்.

சுகாதாரத் துறைக்கு எங்கள் கோரிக்கை இரண்டு. தென் மாவட்டங்களுக்காக மதுரை அரசு மருத்துவக் கல்லூரியில் உறைநிலை மாதிரி வங்கி ஒன்றை அமையுங்கள். அதற்கு நாளாகும் என்றால், காசே செலவில்லாத மற்றொன்றை நாளையே செய்யலாம்: மதுரைக்கு அனுப்பும் பரிந்துரைச் சீட்டில், ‘ஸ்டீராய்டு கொடுக்கப்பட்டதா, என்ன மருந்து, எந்தத் தேதி, எத்தனை வேளை’ என்று ஒரு வரி அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ரத்தவியல் ஆய்வகப் பணியாளர்கள்,
மதுரை.