நரிப்பயறு விதை உறையில் மட்கிப் பயறு: திருத்தம் கோரிப் புகார்

பெறுநர்
வாடிக்கையாளர் சேவைப் பொறுப்பாளர்,
விதை விற்பனைப் பிரிவு

பொருள்: உறையில் அச்சிட்ட சிற்றினம் வேறு, உள்ளே இருந்த விதை வேறு

ஐயா / அம்மையீர்,

செம்பூரில் எங்கள் குடியிருப்பின் மொட்டைமாடியில், பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காகக் காட்டுப் பயறு வகைகளை வளர்த்து வருகிறேன். மழை தொடங்கும் நேரத்தில் உங்கள் இணையக் கடையில் நரிப்பயறு விதை வாங்கினேன். உறையில் 'விக்னா ட்ரைலோபேட்டா' என்று தெளிவாகப் போட்டிருந்தது. வளர்ந்து நிற்பது விக்னா அகோனிடிஃபோலியா. மும்பையில் மளிகைக் கடைக்குக் கடை கிடைக்கும், மிசல் என்ற காரக் குழம்புக்கு முளைகட்டிப் போடும் அதே மட்கிப் பயறுதான்.

இதைப் பற்றிக் கேட்டதற்கு, "இரண்டுமே தரையில் படரும் பயறு, இரண்டையும் நரிப்பயறு என்றுதான் சொல்கிறார்கள்" என்று உங்கள் ஊழியர் பதில் எழுதினார். ஊர்ப்பெயர் கலந்து புழங்குகிறது, சரி. அதனால்தான் அறிவியல் பெயரைப் பார்த்து வாங்குகிறோம். இரண்டும் ஃபேபேசி என்னும் அவரைக் குடும்பம், விக்னா பேரினம் என்பதும் உண்மை. பாசிப்பயறும் உளுந்தும்கூட அதே பேரினம்தான். பாசிப்பயறு கேட்டவருக்கு உளுந்தைக் கட்டிக் கொடுப்பீர்களா?

இலையைப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். ட்ரைலோபேட்டாவின் மூன்று சிற்றிலைகளும் ஆழமில்லாமல், விளிம்பு வளைந்த மூன்று மடல்களாகப் பிரிந்திருக்கும். நடு மடல் பெரியது. காம்பின் அடியில் அகன்ற இலையடிச் செதில்கள் எடுப்பாகத் தெரியும். சிறிய மஞ்சள் பூக்கள் நீண்ட காம்பின் நுனியில் சேர்ந்து நிற்கும். காய் மெல்லிய உருளை, கிட்டத்தட்ட ரோமமே இருக்காது. எனக்கு வந்த செடியிலோ சிற்றிலைகள் ஆழமாகக் கிழிந்து, ஒடுங்கிய கூர் மடல்களாக இருக்கின்றன. காயெல்லாம் பழுப்பு ரோமம். படங்களை இணைத்திருக்கிறேன்.

தாவரவியலாளர் லின்னேயஸ் டோலிகோஸ் பேரினத்தில் வைத்த ட்ரைலோபேட்டாவை வெர்ட்கோர்ட் என்ற தாவரவியலாளர் 1968இல் விக்னாவுக்கு மாற்றினார். மட்கியை அடுத்த ஆண்டு மாரெஷால் என்ற இன்னொரு தாவரவியலாளர் அதே பேரினத்தில் சேர்த்தார். இரண்டையும் தனித்தனிச் சிற்றினங்களாகவே வைத்தார்கள். உங்கள் உறை அந்த வேலையை அழிக்கிறது. பிள்ளைகள் இந்தச் செடியைப் பறித்து, உலர்த்தி, தாளில் ஒட்டி, உறையில் இருக்கும் பெயரை எழுதியிருந்தால் அந்தத் தவறு அவர்களோடு வளர்ந்திருக்கும். பசுந்தாள் உரத்துக்கென்று நரிப்பயறு தேடும் விவசாயியும் இதே உறையை வாங்கக்கூடும். அவருக்கு ஒரு பருவமே வீணாகும்.

எனக்கு முழுப் பணமும் திரும்ப வேண்டும். அதைவிட அவசரமாக, இந்தத் தொகுதி விதையின் விற்பனையை நிறுத்தி, ஏற்கெனவே வாங்கிய எல்லோருக்கும் சரியான பெயரை எழுதித் தெரிவியுங்கள். அடுத்த தொகுதியை உறையில் போடுவதற்கு முன், தாவரவியல் தெரிந்த ஒருவரிடம் காயும் இலையுமாகச் செடியைக் காட்டி உறுதி செய்யுங்கள். அப்படிச் செய்தீர்கள் என்று எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
செம்பூர், மும்பை