மது விளம்பரத்தின் குறி இளையோர்தான்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிள்ளைகள் இளம் வயதிலேயே குடிக்கத் தொடங்குவது குறித்துப் பேச்சு எழும்போதெல்லாம், கெட்ட சகவாசத்தையும் பெற்றோரின் கவனக்குறைவையும் குறைசொல்லி முடித்துவிடுகிறோம். அவர்கள் மதுவைத் தொடுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அந்த ஆசையை மனத்தில் விதைத்துவிடும் விளம்பரங்களைப் பற்றி வாய் திறப்பவர் மிகக் குறைவு என்ற ஆதங்கத்தில் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

விளம்பரம் யாரையும் புதிதாகக் குடிக்க வைப்பதில்லை, ஏற்கெனவே குடிப்பவர் எந்த நிறுவனத்தின் மதுவை வாங்குவது என்பதை மட்டுமே அது மாற்றுகிறது என்பது மது நிறுவனங்கள் வழக்கமாகச் சொல்லும் சமாதானம். ஆனால், 38,000-க்கும் மேற்பட்ட இளையோரைத் தொடர்ந்து கவனித்த 13 நீண்டகால ஆய்வுகளை ஒருசேரப் பரிசீலித்து 2009-இல் வெளிவந்த அறிக்கை, விளம்பரங்களைப் பார்ப்பதற்கும் பின்னாளில் குடிப்பதற்கும் தொடர்பு இருப்பதை அவற்றில் 12 ஆய்வுகள் கண்டறிந்ததாகக் கூறுகிறது. இதற்குப் பிறகும் அந்தச் சமாதானத்தை நம்பிக்கொண்டிருப்பது நியாயமில்லை.

ஒரு மது விளம்பரத்தைச் சற்று நிதானமாகப் பாருங்கள். வியர்த்த கண்ணாடிக் கோப்பை, மாலை வெளிச்சம், தோளில் கைபோட்டுச் சிரிக்கும் நண்பர்கள் இருப்பார்கள். தள்ளாடுபவர் ஒருவர்கூட இருக்க மாட்டார். பானத்தைப் பற்றி அதில் அநேகமாக எதுவுமே இராது. நட்பு, துணிச்சல், பிறர் மதிப்பு ஆகியவைதான் அங்கே விற்கப்படுகின்றன. பதினான்கு வயதில் இம்மூன்றுக்கும் ஏங்காத பிள்ளை யார்? 'பொறுப்புடன் அருந்துங்கள்' என்று அடியில் பொடி எழுத்தில் போடுவது அந்த ஏக்கத்தை எள்ளளவும் தணிக்காது.

பிரான்ஸ் 1991-இலேயே தொலைக்காட்சியிலும் விளையாட்டுக்கான நிதி ஆதரவிலும் மது விளம்பரத்தைத் தடைசெய்தது. ஆயினும் 2016-இல் அங்கு நடந்த ஐரோப்பியக் கால்பந்துப் போட்டிகளில், கார்ல்ஸ்பெர்க் என்ற பீர் நிறுவனம் தன் பெயரைப் போடாமல், தன் விளம்பர வாசகத்தில் வரும் 'ப்ராபப்ளி' (அநேகமாக) என்ற ஆங்கிலச் சொல்லைத் தனக்கே உரிய நிறத்திலும் எழுத்து வடிவிலும் மைதானத்தைச் சுற்றிலும் வைத்தது. பார்த்தவர்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. பெயருக்கு மட்டும் தடை விதித்தால் நிறமும் எழுத்தும் அந்த வேலையைச் செய்துவிடும். ஆல்கஹால் இல்லாத பானம் என்று அதே முத்திரையோடு விற்பதும் இந்த வகையைச் சேர்ந்ததே. 1975 முதல் மது விளம்பரத்துக்குத் தடை உள்ள நார்வேயில், அதே முத்திரையைத் தாங்கிய பிற பொருள்களின் விளம்பரத்துக்கும் இடமில்லை. ஓட்டையை அடைக்கும் வழி அதுதான்.

இதைவிடக் கவலை தருவது கைப்பேசி. தொலைக்காட்சி விளம்பரத்தையாவது வீட்டிலுள்ள எல்லோரும் சேர்ந்து பார்த்தோம். இன்று பிள்ளையின் திரையில் எது ஓடுகிறது என்பது பெற்றோருக்குத் தெரியாது. வயதைக் கேட்டு நிறுத்தும் பக்கத்தில் வேறொரு பிறந்த ஆண்டைத் தட்டினால் கதவு திறந்துவிடுகிறது. ஆகவே, இளையோர் பின்தொடரும் பிரபலங்கள் பணம் பெற்றுக்கொண்டு கோப்பையோடு தோன்றும் பதிவுகளையும் விளம்பரமாகவே கருதிச் சட்டம் தடைசெய்ய வேண்டும்.

பத்திரிகைகளுக்கும் ஒரு வேண்டுகோள்: விளையாட்டுப் பக்கத்துக்குப் படம் தேர்ந்தெடுக்கும்போது, வெற்றி வீரரின் பின்னால் மது நிறுவனத்தின் பலகை பளிச்சிடாத படத்தைத் தெரிவுசெய்யுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்