ஜோஸ்கானும் லிகெட்டியும் ஒரே மாலையில்: அரங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

ஐரோப்பிய இசைவிழா அரங்குகளின் நிர்வாகிகளுக்கு, வாத்தியமின்றிப் பாடும் குரல்குழுப் பாடகர்களின் வணக்கம்.

1521இல் மறைந்த இசையமைப்பாளர் ஜோஸ்கானின் திருப்பலிப் பாடலையும் 1966இல் இசையமைப்பாளர் லிகெட்டி எழுதிய 'லுக்ஸ் எடெர்னா' என்ற குழுப்பாடலையும் அடுத்தடுத்து வைக்கிறீர்கள். நல்ல சேர்க்கைதான். ஆனால் மேடை ஒத்திகைக்கு முப்பது நிமிடம் போதாது. மூன்று மணி நேரம் கொடுங்கள்.

பக்கவாத்தியமும் சுருதிப்பெட்டியும் இல்லாத பாட்டு இது. ஒருவர் குரலைக் கேட்டுத்தான் அடுத்தவர் சேர்கிறார். தம்புராவில் தானாக எழும் அந்தர காந்தாரம் நிற்கும் இடத்தில்தான் எங்கள் காந்தாரமும் நிற்கும். பியானோவில் இருப்பதைவிட 14 சென்ட் கீழே (100 சென்ட் ஓர் அரைச்சுரம்). காதுக்கு இதம்தான். ஆனால் எல்லா இடைவெளிகளையும் இப்படிச் சுத்தமாகவே வைத்துக்கொண்டு போனால், திரும்பத் திரும்ப வரும் சில சுரக்கோவை (சேர்ந்தொலிக்கும் சுரங்கள்) வரிசைகளில் ஒரு சுற்றுக்கு 22 சென்ட் சுருதி இறங்கிவிடும். ஐந்து சுற்றில் அரைச்சுரம் காலி. பாடகரின் கவனக்குறைவு இல்லை, கணக்கே அப்படி. ஜோஸ்கானில் யாருக்கும் தெரியாது. அடுத்து லிகெட்டி தொடங்கும்போது ஒவ்வொருவரும் ட்யூனிங் ஃபோர்க்கை (தட்டினால் ஒரே சுருதி தரும் உலோகக் கவையை) தட்டிக் காதோரம் பிடித்துச் சுருதியைத் திரும்பப் பிடிக்க வேண்டும். அந்தச் சின்ன ஒலி கேட்கும் அளவுக்கு அரங்கம் அடங்கியிருக்க வேண்டும்.

அடங்குவதில்லை. உங்கள் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்கு டிம்மரும் (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) முன்கூடத்துக் குளிர்பானப் பெட்டியும் 100 ஹெர்ட்ஸில் ரீங்காரமிடும். ஆண்குரலின் கீழ்ச்சுரமான 'ஜி' 98 ஹெர்ட்ஸ். பாஸ் (மிகத் தாழ்ந்த ஆண்குரல்) பாடகரை இழுத்துக்கொண்டு போக இந்த நெருக்கம் போதும். ஒத்திகைக்கு முன்பே அணையுங்கள். ஹீட்டரை மதியமே ஓடவிட்டு, சூடேறியதும் நிறுத்துங்கள். குளிர்ந்த அரங்கில் தொண்டை இறுகும், ஹீட்டர் ஓடினால் காற்றிரைச்சல்.

கல் கட்டடத் தேவாலயம் என்றால் ஒலி ஐந்து விநாடிகூடத் தங்கும். ஜோஸ்கானுக்கு அது வரம். சொற்கள் மளமளவென்று விழும் புதுப்பாட்டுக்குச் சேறு. ஆட்கள் வந்து உட்கார்ந்தால் சற்றுக் குறையும். காலி அரங்கில் வைத்த வேகம் மாலையில் மாறினால் குறை சொல்லாதீர்கள்.

'ஒன்பது நிமிடப் பாட்டுக்கு 16 பேரா?' என்று பட்ஜெட் பேசும்போது கேட்கிறீர்கள். 'லுக்ஸ் எடெர்னா'வில் 16 தனிக்குரல்கள் உண்டு, இரண்டை ஒருவர் பாட வழியில்லை. எட்டுப் பேர் குழுவென்றால் இன்னும் எட்டுப் பேருக்குச் சம்பளம், இசைத்தாள் வைக்க 16 ஸ்டாண்டு, ஸ்டாண்டுக்கு ஒரு விளக்கு. பேட்டரி விளக்காக இருக்கட்டும்.

ஒளியமைப்பாளரிடம் ஒன்று சொல்லிவையுங்கள். 'லுக்ஸ் எடெர்னா'வின் கடைசி ஏழு பார்களும் (தாளக் கட்டங்களும்) எழுதப்பட்ட மௌனம், ஏறக்குறைய அரை நிமிடம். குழுவைக் கையசைத்து நடத்துபவரின் கை இறங்கும்வரை அரங்க விளக்கைத் தொட வேண்டாம்.

இப்படிக்கு,
குரல்குழுப் பாடகர்கள்