குழிக்குள் இறங்கவிட்டவர்களுக்கு நன்றி

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரக் குடும்பங்களுக்கும், தறி ஆசாரிகளுக்கும், நூலைத் தார்க்குச்சியில் சுற்றும் அக்காமார்களுக்கும், எங்களோடு சேர்ந்து உழைத்த இயந்திரவியல், மின்னியல், இயன்முறை மருத்துவத் துறையினருக்கும் பல்கலைக்கழக வடிவமைப்புத் துறையின் ஆய்வுக் குழு வணக்கத்துடன் எழுதுவது.

தரையில் தோண்டிய குழிக்குள் காலை இறக்கி உட்கார்ந்து காஞ்சிப் பட்டு நெய்யும் குழித்தறியில் இருக்கை, மிதி, வெளிச்சம் இந்த மூன்றையும் நெய்பவரின் உடம்புக்கு ஏற்பத் திருத்துவதுதான் எடுத்துக்கொண்ட வேலை. தறியைக் குழியிலிருந்து தூக்கித் தரைக்கு மேல் சட்டத்தில் வைத்துவிடலாம் என்றுதான் முதல் வரைபடம் போட்டோம். குழியின் ஈரம்தான் நீளவாட்டில் ஓடும் பாவு இழையைக் காயவிடாமல் காக்கிறது, சித்திரை வெயிலில் மேலே ஏற்றிய தறியில் இழை அறுந்துகொண்டே இருக்கும் என்று அதைத் தடுத்தவர்கள் நெசவாளர்கள். குழி இருந்தே தீரும் என்று ஏற்றுக்கொண்ட பிறகுதான் இந்த ஆய்வு சரியான வழிக்கு வந்தது. முதல் நன்றி அதற்கு.

மிதியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சேலையின் கோலத்துக்கேற்பப் பாவு இழைகளை எழுப்பும் ஜக்கார்டு பெட்டியின் தூக்குச் சட்டத்தை, குறுக்கே விழும் ஒவ்வொரு ஊடை இழைக்கும் கால்தான் தூக்குகிறது. மிதியில் வில்தராசை மாட்டி ஒரு முறை இழுத்துப் பார்த்து, இதுதான் பாரம் என்று எழுதினால் கணக்கு தப்பு. இழைகளைத் தூக்கும் 240 கொக்கிகள் உள்ள பெட்டியில் எத்தனை கொக்கி எழும் என்பதை அதில் மாட்டும் கோல அட்டையில் உள்ள துளைகள்தான் தீர்மானிக்கின்றன. சின்னப் புட்டா வரும் அட்டையில் கால் லேசாக இறங்கும். பெரிய மயில் வரும் அட்டையில் இடுப்பே சேர்ந்து அழுத்த வேண்டியிருக்கும். ஒரு கோலம் முழுதாக ஒரு சுற்று முடியும்வரை, அட்டை அட்டையாகப் பாரத்தைக் குறிக்க வேண்டும் என்று திருத்தியவர் நாற்பது வருடமாகத் தறி ஏறும் ஐயா ஒருவர். அளவு எடுக்கும் முறையே அவருடையதுதான்.

பெட்டியின் தூக்குச் சட்டத்தை இழுக்கும் கயிற்றை மிதிக்கட்டையின் அச்சுக்கு நெருக்கமாகக் கட்டினால் பாரம் குறையும் என்பது இயந்திரவியல் மாணவர்களின் யோசனை. கணக்கு சரிதான். கால் படும் இடம் அச்சிலிருந்து 60 செ.மீ. தள்ளி இருக்கும் கட்டையில், கயிறு 40 செ.மீ. தொலைவில் இருந்தால் 10 கிலோ பாரத்துக்குக் கால் ஏறத்தாழ 6.7 கிலோ அழுத்த வேண்டும். 30 செ.மீ.க்குக் கொண்டுவந்தால் 5 கிலோ போதும். ஆனால் தூக்குச் சட்டம் 8 செ.மீ. எழ முன்பு 12 செ.மீ. இறங்கிய கால், இப்போது 16 செ.மீ. இறங்க வேண்டும். குழியின் ஆழம் அதற்கு இடம் தராவிட்டால் கட்டை தரையில் முட்டும். பாவு இழைகள் மேலும் கீழுமாக விரியும் இடைவெளியான பாவின் வாய் அரைகுறையாகத் திறக்கும். ஊடை நூலைக் கொண்டு அந்த வாய்க்குள் ஓடும் நாடா போகும் போக்கில் இழையை அறுத்துவிடும். தறி ஆசாரி ஐயா இதைப் படம் பார்க்காமலே சொன்னார். 2 செ.மீ. இடைவெளியில் துளைகள் போட்டு, ஒவ்வொரு குழியின் ஆழத்துக்கும் ஏற்ற துளையில் கயிற்றைக் கட்டும்படி கட்டையை மாற்றிக் கொடுத்தவரும் அவரே.

அப்படியும் காலுக்குப் பாரம் குறையாத தறிகளுக்குத்தான் தூக்குச் சட்டத்தை எழுப்ப மோட்டார். இதில் மின்னியல் துறைத் தோழர்களுக்குக் கடன்பட்டிருக்கிறோம். குழி ஈரமானது, அங்கே 230 வோல்ட் இறங்கவே கூடாது. காலுக்கு 24 வோல்ட் சுவிட்ச், மோட்டார் இணைப்பு மேலே ரிலேயில் (சின்னச் சுவிட்ச் சொல்வதைக் கேட்டுப் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் கருவி), வீட்டு இணைப்பில் கசிவைக் கண்டு துண்டிக்கும் கருவி என்று வகுத்துத் தந்தார்கள். மோட்டார் தன் வேகத்தில் ஏறி இறங்கினால் நாடா பாதி வழியில் இருக்கும்போதே வாய் மூடிவிடும். ஆகவே கால் அழுத்தியிருக்கும்வரை சட்டம் மேலே நிற்க வேண்டும், விட்டால்தான் இறங்க வேண்டும். கரண்ட் போனால் பழையபடி மிதிக்கப் பழைய கயிறு அப்படியே இருக்கட்டும், அதை அவிழ்க்காதீர்கள் என்றவர் ஒரு நெசவாளர் அண்ணன். மோட்டாரின் பற்சக்கரப் பெட்டியிலிருந்து ஒரு சொட்டு எண்ணெய் பாவில் விழுந்தால் சேலையே போச்சு என்று சொல்லி, அடியில் ஒரு தகரத் தட்டைப் பொருத்தச் செய்தவர் அவர் மனைவி.

இருக்கைக்கு நுரைமெத்தை வைத்தது தவறு. மிதிக்கும்போது உடம்பு அமுங்கி எழுவதால் கை எட்டும் தூரம் மாறி, ஊடையை அடிக்கும் அடி சீராக விழவில்லை, வேர்வையும் தங்கியது. முன்பக்கம் லேசாகச் சரிந்து, தொடையை அழுத்தாமல் விளிம்பு உருட்டிய மரப்பலகைதான் நின்றது. கணவனும் மனைவியும் மாறி மாறி ஏறும் தறி என்பதால் உயரம் கூட்டக் குறைக்க அடியில் ஆப்புக் கட்டைகள் வைத்தோம்.

வெளிச்சத்துக்கு ஒரே விளக்கைத் தலைக்குப் பின்னால் மாட்டாதீர்கள். நெய்பவரின் நிழலே ஊடை விழும் இடத்தில் விழும். இரு பக்கமும் மூடி போட்ட எல்.இ.டி. குழல்கள் வைத்தால் ஜரிகையும் கண்ணைக் கூசாது.

இயன்முறை மருத்துவர்களுக்குத் தனி நன்றி. ‘எங்கே வலிக்கிறது’ என்று கேட்டால், மாமியாரும் பிள்ளைகளும் நிற்கும் கூடத்தில் ‘ஒன்றுமில்லை’ என்றுதான் பதில் வரும். ‘குழியிலிருந்து எழும்போது எதைப் பிடித்துக்கொண்டு எழுகிறீர்கள்’ என்று கேட்கச் சொன்னார்கள். அந்தக் கேள்விக்குப் பிறகுதான் குழியோரத்தில் கைப்பிடிக் கம்பி வேண்டும் என்பதே படத்தில் ஏறியது.

உடலும் கரையும் தனித்தனி நூலில் கோர்த்து நெய்யும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து கரைக்கு நாடா தள்ள வேண்டும். முதல் படங்களில் அவருக்கு இருக்கையே இல்லை. தார் சுற்றுகிறவருக்கும் இல்லை. கூலி சேலைக் கணக்கில் வருவதால் இவர்கள் உழைப்பு எந்தத் தாளிலும் தனியாகத் தெரிவதில்லை. இதை எடுத்துச் சொன்ன அக்காமார்களே, உங்களால்தான் எங்கள் அளவுப் பட்டியலில் இரண்டு ஆட்கள் கூடினார்கள்.

இன்னொன்றையும் உங்களிடம்தான் கற்றோம். தறி நின்றால் கூலி நின்றது. ஆகவே சோதனைக்காகத் தறியை நிறுத்தும் நாளுக்கான கூலியை முதல் நாளே கொடுத்துவிடுவது ஆய்வுச் செலவின் முதல் வரியாக இருக்க வேண்டும். சோதனையில் பாழாகும் பாவும் எங்கள் கணக்குதான். தறியில் ஏறியிருந்த கோலங்களின் படம் எதையும் வெளியிடவில்லை, வெளியிடவும் மாட்டோம். கட்டை, இருக்கை, சுவிட்ச் இவற்றின் அளவுகள் மட்டும் தமிழில் அச்சாகி, ஆசாரிகள் கையில் இருக்கும்.

ஐப்பசி மழையில் குழிக்குள் தண்ணீர் ஏறும். அதற்கு முன் வீடு வீடாக வந்து கால் சுவிட்சுகளைக் கழற்றி மேலே மாட்டித் தருகிறோம். தண்ணீர் வடிந்ததும் குழி காய்ந்ததா என்று பார்க்காமல் யாரும் மறுபடி இணைக்க வேண்டாம். சொல்லி அனுப்புங்கள், நாங்களே வருகிறோம்.