சேகர மிஷனெரி சங்கம்: 2024–25 ஆண்டறிக்கை

தலைவராகிய போதகர் ஐயர் அவர்களுக்கும், சங்க அங்கத்தினர்களுக்கும், கைப்பிடி அரிசிக் காணிக்கையைத் தவறாமல் அனுப்பிவைக்கும் தாய்மார்களுக்கும் ஸ்தோத்திரங்கள்.

ராமநாதபுரம் மாவட்டத்துப் பனங்காட்டுக் கிராமம் ஒன்றில், நம் சேகரத்தின், அதாவது ஒரு போதகரின் பொறுப்பிலுள்ள சபைகளின், மிஷனெரி சங்கம் தாங்கிவரும் இளம் சபையைப் பற்றியது இவ்வறிக்கை. ஊர்ப் பெயரை எந்த வெளியீட்டிலும் போடுவதில்லை என்ற நம் வழக்கப்படி இங்கும் தவிர்த்திருக்கிறோம். வரவுசெலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

முதலில் ஆராதனை வருகை. மாசி முதல் ஆடி வரை ஞாயிறு காலை ஆராதனையில் ஆளே இருப்பதில்லை. மாதாந்தர அறிக்கையில் இதைப் 'பின்மாற்றம்' (விசுவாசத்திலிருந்து விலகுதல்) என்று எழுதுவது தவறு. இது பதநீர்க் காலம். குடும்பங்கள் பதநீர் காய்ச்சும் பனங்காட்டுக் குடிசையான விடிலிக்குப் போய்விடும். பனையேறி காலையும் மாலையும் மரம் ஏறியாக வேண்டும். பாளையைச் சீவாமல் விட்டால் பதநீர் ஊறுவது குறையும். ஞாயிற்றுக்கிழமை என்று பாளைக்குத் தெரியாது. இறக்கிய பதநீரை உடனே காய்ச்சாவிட்டால் புளிக்கும், கருப்பட்டி இறுகாது. ஆகவே பெண்கள் உச்சிவேளை வரை அடுப்பை விட்டு நகர முடியாது. காய்ச்சிய பாகான கூப்பனியைச் சிரட்டையில் ஊற்றி முடித்த பிறகு, மாலை ஏற்றத்துக்கு முன், பிற்பகல் 2 மணிக்கு விடிலியிலேயே ஆராதனை நடத்துவதே சரிப்படுகிறது. ஒரு கீர்த்தனை, ஒரு சங்கீதம், ஒரு வேதபகுதி, ஜெபம்: 40 நிமிடம் போதும். விடியுமுன் எழுந்தவர்கள், அதற்குமேல் பேசினால் உறங்குவார்கள், அதில் குற்றமும் இல்லை. வாரம் ஒரு விடிலி என்று மாற்றிக்கொள்ள வேண்டும். ஒரே வீட்டில் நடத்தினால் அந்த வீட்டார் பெரியவர்களாகி, அவர்களோடு பேசாதவர்கள் ஆராதனைக்கும் வராமல் போகிறார்கள்.

ஞானஸ்நான ஆயத்த வகுப்பு ஆவணி முதல் மார்கழி வரை, இரவு 8 மணிக்கு. தையில் அறுப்பு, அதன்பின் மிளகாய்ப் பழம் பறிப்பு. அப்போது வகுப்பு வைத்தால் பாதியில் நின்றுவிடும். எழுத்தறியாதவர்களுக்குப் பரமண்டல ஜெபத்தையும் விசுவாசப்பிரமாணத்தையும் அரைவரி அரைவரியாகச் சொல்லித் திருப்பிச் சொல்ல வைக்கிறோம்; பத்துக் கற்பனைகள் (கட்டளைகள்) வாரத்துக்கு ஒன்று. வினாவிடையைக் கிளிப்பிள்ளைபோல் ஒப்பிப்பதைத் தேர்ச்சியாகக் கொள்வதில்லை. மாற்கு சுவிசேஷத்தில் ஒரு சம்பவத்தைத் தன் சொந்தப் பேச்சில் பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொல்லத் தெரிய வேண்டும். ஈஸ்டருக்கு ஞானஸ்நானம் பெறுவோர் பட்டியலை நிரப்ப வேண்டும் என்று அவசரப்பட்டால், புருஷன் மட்டும் ஞானஸ்நானம் பெற்று, மனைவி தனித்து நிற்பாள். குடும்பம் முழுவதும் உட்கார்ந்து கேட்கும்வரை பொறுப்பதே நல்லது.

ஜாதிச் சான்றிதழ் விஷயத்தை ஞானஸ்நானத்துக்கு முன்பே திறந்து சொல்லிவிட வேண்டும். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, பட்டியல் சாதியினர் கிறிஸ்தவரானால் அந்தத் தகுதி இல்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார்கள். பழங்குடியினருக்கு இந்தச் சிக்கல் கிடையாது. பிள்ளையின் உதவித்தொகை நின்ற பிறகு தெரியவந்தால், மறைத்துவிட்டார்கள் என்ற பழி சபை ஊழியர்மேல்தான் விழும். அது நியாயமும்கூட.

இளம் சபைக்கு உண்மையான சோதனை முதல் சாவில்தான் வருகிறது. எங்கே அடக்கம் பண்ணுவது? ஊர்ப் பொதுச் சுடுகாட்டில் தடை எழும்பினால், பிணத்தை வீட்டில் வைத்துக்கொண்டு தாசில்தார் அலுவலகத்துக்கு ஓட வேண்டியிருக்கும். அந்த ஓர் இரவிலேயே பயந்து விலகும் குடும்பங்கள் உண்டு. கல்லறைத் தோட்டத்துக்கான மனு, ஆலயத்துக்கான மனுவுக்கும் முந்தி நிற்க வேண்டும் என்பது செயற்குழுவின் உறுதியான எண்ணம். நாமோ எப்போதும் கோபுரத்திலிருந்தே தொடங்குகிறோம்.

ஆலயம் கட்ட நிலம் வாங்கினால் 30 வருட வில்லங்கச் சான்று பார்த்து, பத்திரம் திருச்சபையின் சொத்துக் கழகத்தின் பெயரில் இருக்க வேண்டும். நல்லவர் என்று ஒரு தனிஆள் பெயரில் எழுதினால் அவருடைய வாரிசுகளோடு வழக்கு வரும். வழிபாட்டுத் தலத்துக்கு மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி தேவை. அப்பகுதி நிலத்தடி நீர் பல இடங்களில் உவர்; அதில் கலவை குழைத்தால் பூச்சில் உப்புப் பூத்து உதிரும், கம்பி துருப்பிடித்துக் காங்கிரீட் வெடிக்கும். நல்ல தண்ணீரை லாரியில் வாங்குவது செலவு என்று சொல்லக் கூடாது.

கைப்பிடி அரிசி நம் சேகரத்துக்குப் புதிதல்ல. அங்கும் தொடங்கப்பட்டுள்ளது. உலைக்கு அளந்ததும், களையுமுன் ஒரு பிடி தனிக்கலயத்தில். ஒரு பிடி ஏறத்தாழ 50 கிராம் என்றால், நாளுக்கு ஒன்றாக மாதம் ஒன்றரைக் கிலோ. ரேஷன் அரிசியையும் கடை அரிசியையும் ஒரே சாக்கில் கொட்டினால் ஏலத்தில் விலை போகாது. இரண்டு சாக்கு வைக்க வேண்டும். ஈரக்கை பட்டால் வண்டு பிடிக்கும்; காய்ந்த வேப்பிலை போட்டு மூடலாம். காணிக்கையை அன்றே இருவர் எண்ணி, இருவரும் கையெழுத்திட வேண்டும். ஊழியர் தனியே எண்ணக் கூடாது. இது அவரைக் காப்பதற்கும்தான்.

நம் மானியம் பற்றி. சபை தன்னைத் தானே தாங்க வேண்டும், ஆள வேண்டும், பரப்ப வேண்டும் என்றார் சி.எம்.எஸ். என்ற இங்கிலாந்து மிஷனெரி சங்கத்தின் செயலாளராயிருந்த ஹென்றி வென். 1903இல் திருநெல்வேலியில் பிறந்த இந்திய மிஷனெரி சங்கம், நம் சபையாரின் காணிக்கையைக் கொண்டே தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்கு ஆள் அனுப்பியது. நாமோ கரண்டுக் கட்டணம், பாய், கிறிஸ்துமஸ் புத்தாடை எல்லாவற்றையும் இங்கிருந்தே அனுப்பிப் பழக்கிவிட்டோம். ஞாயிறு பள்ளியில் பிஸ்கட் நின்ற வாரம் பிள்ளைகளும் நின்றார்கள். ஆசைகாட்டி இழுக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டுக்கும் அதுவே இடம் கொடுக்கிறது.

ஆகவே பொதுக்கூட்டத்தின் முன் வைக்கும் தீர்மானங்கள்: புத்தாடை, பிஸ்கட் உடனே நிறுத்தப்படும். கரண்டுக் கட்டணமும் பாயும் வரும் அறுப்பின் பண்டிகை முதல் அச்சபையின் பொறுப்பு. ஊழியர் சம்பளத்தை மட்டும் நாம் தொடருவோம். ஐந்தாண்டுகளில் ஆண்டுக்கு ஐந்தில் ஒரு பங்காக அதையும் குறைப்போம். கல்லறைத் தோட்ட மனுவுக்கு அலைவதற்கு இரண்டு பேரை இன்றே நியமிக்க வேண்டும்; பகலில் ஓய்வுள்ளவர்கள் கை உயர்த்தவும்.

இப்படிக்கு,
செயலாளர்