விழித்திரைப் படத்தில் கண்டதை முழுதாக எழுதுங்கள்

கண் மருத்துவர்களுக்கும், விழித்திரைப் படங்களைப் படித்து அறிக்கை தருபவர்களுக்கும்,

வணக்கம். நான் பக்கவாத நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவர். வார்டில் சேர்ந்தவர்களின் பழைய கோப்புகளைப் புரட்டும்போது, என்றோ நீரிழிவுக்காக எடுத்த விழித்திரைப் படம் சில சமயம் கிடைக்கும். "நீரிழிவு பாதிப்பு இல்லை, ஓராண்டு கழித்து வரவும்" என்று அதனடியில் ஒரே வரி. படத்தைப் பார்த்தால், தமனி சிரையைக் கடக்கும் இடத்தில் சிரை நெரிந்திருக்கும்; தமனி செம்புக் கம்பிபோல் மின்னும். இரண்டும் நாள்பட்ட ரத்தக் கொதிப்பின் தடயங்கள். கேட்ட கேள்விக்கு அறிக்கை சரியாகத்தான் பதில் சொல்லியிருக்கிறது. மற்றதை யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. அந்த நோயாளிக்குத் தனக்கு ரத்தக் கொதிப்பு இருப்பதே எங்களிடம் வந்த பிறகுதான் தெரியும்.

விழித்திரை, கருவில் மூளையிலிருந்து கிளைத்து வளர்ந்த திசு. மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் உட்கழுத்துத் தமனியின் கிளைதான் அதற்கும் ரத்தம் தருகிறது. மூளையின் ஆழத்திலுள்ள நுண்தமனிகளை என்னால் நேரில் பார்க்க முடியாது. ஸ்கேனில் தெரிவதெல்லாம் அவை அடைபட்ட பிறகு விழுந்த தழும்புகள். அவற்றின் உடன்பிறப்புகளை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். கொதிப்பு இரண்டு இடத்திலும் ஒரே வேலையைத்தான் செய்கிறது: சுவர் தடிக்கிறது, உள்வழி குறுகுகிறது.

இது புதிய செய்தியும் அல்ல. மார்கஸ் கன் என்ற கண் மருத்துவர் இந்தச் சிரை நெரிவை 1890களிலேயே எழுதிவைத்தார். 2001இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சில ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தது. விழித்திரையில் ரத்தக்கசிவோ, நுண்குழாய்ச் சுவர் புடைத்த நுண்வீக்கமோ, பஞ்சுபோல் வெளுத்த திட்டோ இருந்தவர்களுக்குப் பக்கவாதம் ஏறக்குறைய 2 முதல் 3 மடங்கு அதிகம். ரத்த அழுத்தம், நீரிழிவு, புகைப்பழக்கம் ஆகியவற்றின் பங்கைக் கழித்த பிறகு கிடைத்த கணக்கு இது.

படத்தைக் காட்டி "உங்களுக்குப் பக்கவாதம் வரும்" என்று யாரையும் பயமுறுத்தச் சொல்லவில்லை. தனி ஒருவருக்கு அப்படி ஆரூடம் சொல்ல இந்தப் படம் போதாது. "சிரை நெரிவு உள்ளது, ரத்த அழுத்தம் அளக்கவும்" என்று ஒரு வரி சேர்த்து, அவருடைய பொது மருத்துவருக்கு ஒரு நகல் அனுப்புங்கள். முடிந்தால் உங்கள் அறையிலேயே அளந்துவிடுங்கள்.

இன்னொன்று காத்திருக்கக் கூடாதது. வலியே இல்லாமல் ஒரு கண்ணில் திடீரென்று பார்வை போய் வருகிறவரை, விழித்திரைத் தமனி அடைபட்டவரை, தயவுசெய்து அடுத்த வாரம் வரச் சொல்லி வீட்டுக்கு அனுப்பாதீர்கள். தமனி அடைப்பு அதுவே ஒரு பக்கவாதம்; போய்த் திரும்பும் பார்வை அதன் முன்னெச்சரிக்கையாக இருக்கலாம். மூளையில் அடுத்த அடைப்பு வரும் ஆபத்து முதல் சில நாட்களில்தான் உச்சத்தில் இருக்கிறது. சில நிமிடத்தில் பார்வை திரும்பிவிட்டாலும் ஆபத்து நீங்கிவிடவில்லை. அன்றைக்கே பக்கவாதப் பிரிவுக்கு அனுப்புங்கள்.

எங்கள் பக்கமும் குறை இருக்கிறது. நீங்கள் அனுப்பியவருக்கு என்ன ஆனது என்று நாங்கள் திருப்பி எழுதுவதே இல்லை. இனி என்னிடம் வரும் ஒவ்வொருவருக்கும், கழுத்துத் தமனியிலும் இதயத்திலும் ஸ்கேனிலும் என்ன கண்டோம் என்று அனுப்பியவருக்கு எழுதுகிறேன்.

அன்புடன்,
பக்கவாதப் பிரிவு மருத்துவர் ஒருவர்