எழுத்தறிவு ஏறினால் பக்தி இறங்குமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

படிப்பு ஏற ஏறக் கடவுள் நம்பிக்கை இறங்கும் என்கிறது சென்ற இதழ்க் கட்டுரை. குமரி மாவட்டம் அந்தக் கணக்கில் அடங்காது. 2011 கணக்கெடுப்பின்படி எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதலிடம், 91.75 சதவீதம். ஆனாலும் மாசிக் கொடைக்கு மண்டைக்காடு நிரம்பி வழிகிறது; கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவுக்கு ஊரே திரள்கிறது; தக்கலையில் சூஃபி ஞானி பீர்முகமது அப்பாவின் ஞானப்புகழ்ச்சிப் பாடல்களை விடிய விடியப் பாடுகிறார்கள்.

கட்டுரை நம்பியிருக்கும் 2012 கனடா ஆய்வும் இன்று நிற்கவில்லை. யோசனையில் ஆழ்ந்த மனிதனைக் காட்டும் ரோடினின் ‘சிந்தனையாளர்’ சிலைப் படம் ஆராயும் மனநிலையைத் தூண்டும், அதைப் பார்த்தவர்களிடம் கடவுள் நம்பிக்கை குறைந்தது என்றார்கள். அந்தச் சோதனையில் இருந்தது 57 பேர். 2017-ல் 900-க்கும் மேற்பட்டோரிடம் அதையே திரும்பச் செய்தபோது அப்படி எதுவும் தென்படவில்லை.

பிறகு ஒருவர் நம்புவதற்கும் நம்பாததற்கும் எதுதான் காரணம்? மானுடவியலாளர் ஜோசப் ஹென்ரிக் 2009-ல் தந்த விளக்கம் நம் ஊருக்கு நன்றாகப் பொருந்துகிறது. வாயால் எதையும் சொல்லிவிடலாம். விரதம், மொட்டை, பாதயாத்திரை, காணிக்கை இவற்றுக்கு உடம்பும் காசும் செலவாகும். பெரியவர்கள் எதற்காக இழக்கத் தயாராக இருக்கிறார்களோ அதையே பிள்ளை உண்மை என்று எடுத்துக்கொள்ளும். தலைப்பாகை கட்டும் உரிமை மறுக்கப்பட்ட மக்களை, அதைக் கட்டிக்கொண்டு வந்து கும்பிடச் சொன்னார் அய்யா வைகுண்டர். அவருடைய தலைமைப் பதியான சாமிதோப்பில் இன்றும் ஆண்கள் மேல்சட்டையைக் கழற்றி, தலைப்பாகை கட்டி, சிலை இல்லாத கருவறையில் கண்ணாடி முன் நிற்கிறார்கள். அந்தக் காலத்தில் அந்த முண்டாசுக்கு அடி விழும் என்று தெரிந்தேதான் கட்டினார்கள். பார்த்து நின்ற பிள்ளைக்கு வேறு போதனை தேவைப்பட்டிருக்காது. இது தலைகீழாகவும் நடக்கும். பிள்ளையை மறைக்கல்வி வகுப்புக்கு அனுப்பிவிட்டுத் தகப்பன் வீட்டிலேயே இருந்துகொண்டால், பிள்ளை படிப்பது பாடத்தை அல்ல, தகப்பனை.

நம்பிக்கைக்கு இன்னொரு காரணம், ஆபத்து. முதல் உலகப்போர்க் காலத்தில் பசிபிக் கடலின் டிரோப்ரியாண்ட் தீவுகளில் தங்கிய மானுடவியலாளர் மாலினோவ்ஸ்கி, உள்கழியில் மீன் பிடிப்பவர்களிடம் மந்திரச் சடங்கு இல்லை, வெளிக்கடலுக்குப் போகிறவர்களிடம் நிறைய உண்டு என்று கண்டார். தூத்தூரிலிருந்து வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கும் தொழிலையும், 2017 ஒக்கி புயலையும் நினைத்துப் பார்த்தால் இது விளங்கும்.

இவை இரண்டும் சேர்ந்தும் முழு விடை ஆகாது. பூதப்பாண்டியில் குலதெய்வத்தின் பெயரால் சொரிமுத்து என்று அழைக்கப்பட்ட பிள்ளைதான் பொதுவுடைமைத் தலைவர் ஜீவாவாகி, பகத்சிங் தன் நாத்திகத்தைப் பற்றி எழுதியதைத் தமிழுக்குக் கொண்டுவந்து சிறை போனார். ஒரே வளர்ப்பில் இப்படிப் பிரிவது ஏன் என்பதற்கு இரட்டையர் ஆய்வுகள் ஓரளவு பதில் தருகின்றன. 2005-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், பக்தியில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் மரபணுவின் பங்கு சிறுவயதில் 12 சதவீதம், வளர்ந்த பின் 44 சதவீதம். வீட்டுப் பிடி தளரும்போது அவரவர் சுபாவம் தலைதூக்குகிறது. இதை ‘பக்தி 44 சதவீதம் இரத்தத்தில் இருக்கிறது’ என்று படிப்பது தவறு. அது ஆட்களுக்கு இடையிலான வேறுபாட்டின் கணக்கு, தனி ஆளின் கணக்கல்ல.

கட்டுரைக்காக எடுத்த வாசகர் கணிப்பிலும் ஒரு கோளாறு. ‘நீங்கள் நம்பிக்கை உள்ளவரா?’ என்ற ஒரே கேள்வி போதாது. கடவுள் இல்லை என்பவரும் ஊர்க் கொடைக்குத் தலைக்கட்டு வரி கொடுக்கிறார். ஞாயிறு திருப்பலி தவறாதவருக்கும் உள்ளுக்குள் ஐயம் இருக்கலாம். எந்தச் சமூகத்தோடு இருக்கிறீர்கள், என்ன செய்கிறீர்கள், மனதில் என்ன நினைக்கிறீர்கள் என்று மூன்றாகப் பிரித்துக் கேட்க வேண்டும். அதுவும் தனியாக. திண்ணையில் பாட்டி உட்கார்ந்திருக்கும்போது எந்தப் பேரனும் ‘இல்லை’ என்று சொல்லமாட்டான். அடுத்த முறை கேள்வியின் வாசகத்தையும், யார் முன்னால் கேட்டீர்கள் என்பதையும் சேர்த்து அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நாகர்கோவில்.